பனி விழுந்த காட்டில் ஜியோகேச்சிங்: கேள்வி பதில்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து படிப்புக்கும் வேலைக்கும் குளிர் நாடுகளுக்குப் போனவர்கள் கேட்டவைதான் இவற்றில் பாதிக்கு மேல். ஊரிலிருந்தே கேட்டவர்களும் உண்டு. புதியவர்களுக்காக இரண்டு வரி: ஒருவர் ஒரு டப்பாவை (இதைத்தான் கேச் என்பார்கள்) ஒளித்து வைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ் பார்த்துத் தேடி, உள்ளே இருக்கும் லாக் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்து வருவார்கள். ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. அடுத்த நாளே ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் ஒரு வாளியை ஒளித்து வைத்தார். அதுதான் முதல் கேச்.

அவிநாசி, இப்போது டொரான்டோ: அண்ணா, நேத்து ராத்திரி 15 செ.மீ. பனி விழுந்திருக்குதுங்க. பக்கத்துக் காட்டுல நெறைய கேச் காட்டுது. எதுக்குப் போறதுன்னே தெரியலீங்ணா.

பதில்: வீட்டிலேயே வடிகட்டிடுங்க தம்பி. காட்டுக்குள்ள போய் யோசிக்க ஆரம்பிச்சா விரல் விறைச்சுப் போகும்.

கேச்சின் இணையப் பக்கத்தில் குளிர்காலத்திலும் எடுக்கலாம் என்கிற அடையாளம் இருக்கிறதா என்று முதலில் பாருங்க. இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒதுக்க வேண்டாம், வைத்தவர் போட மறந்திருக்கலாம். அதைவிட நம்பகமானது பழைய லாகுகள், அதாவது தேடிப் போனவர்கள் அதே பக்கத்தில் எழுதியவை. கீழே இறக்கிப் போய் முந்தைய வருஷங்களின் ஜனவரி, பிப்ரவரியைத் தேடுங்க. அந்த மாதங்களில் யாராவது எடுத்திருந்தால் பனியிலும் எடுக்க முடிகிற கேச். வருஷா வருஷம் மே முதல் அக்டோபர் வரை மட்டும்தான் லாக் இருக்கிறது என்றால் அதை விட்டுடுங்க.

அடுத்து குறிப்பு வரி. “கட்டைக்கு அடியில்”, “வேர் இடுக்கில்”, “கல்லுக்குப் பின்னால்” என்றால் இன்றைக்கு அது பனிக்குள்ளே இருக்கிறது. “தொங்குகிறது”, “இடுப்பு உயரம்”, “வேலிக் கம்பம்” என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்க. அளவையும் பாருங்க. ராணுவத் தோட்டாப் பெட்டி அளவில் இருப்பது பனிக்கு அடியிலும் ஒரு மேடாகத் தெரியும். பழைய பிலிம் டப்பா அளவு தரையில் இருந்தால் கிடைக்காது.

நிலத்தின் கடினம் 1 முதல் 5 வரை அரை அரையாகக் கொடுத்திருப்பார்கள். அது பெரும்பாலும் கோடைக்காலக் கணக்கு. பனியில் ஒரு எண் கூட்டிப் படியுங்க. 3 போட்டிருந்தால் உங்களுக்கு 4. டிசம்பரில் உங்க ஊரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிடும். மூணு மணிக்குத் திரும்புகிற மாதிரி நேரத்தைப் பிரிச்சு, எங்கே போறீங்க, எத்தனை மணிக்கு வருவீங்க என்று அறை நண்பரிடம் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. இதைத் தனியாகப் போகிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

பெருந்துறை, இப்போது ஹெல்சின்கி: போனில் பூஜ்யம் மீட்டர் காட்டுது, அங்கே வெறும் பனிதான். ஒரு தடவை அரைக் கிலோமீட்டருக்கு மேலே தள்ளிக் காட்டுச்சு. ஏனுங்க?

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு.

அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போனது எண் வடிவக் குழப்பம். கேச் எண்கள் பாகை, தசம நிமிடம் என்ற வடிவில் வரும். கோவையை 11.0168, 76.9558 என்று கூகுள் மேப் காட்டினால், கேச் எழுத்தில் அது வ 11° 01.008', கி 076° 57.348'. புள்ளிக்குப் பின்னால் வருவது நிமிடத்தின் ஆயிரத்தில் பங்கு, வினாடி அல்ல. 01.500' என்பது 1 நிமிடம் 30 வினாடி. அதை 50 வினாடி என்று அடித்தால் வடக்கே 600 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தள்ளிப் போகும். கையால் அடிக்காமல் செயலிக்குள்ளேயே திறந்தால் இந்தத் தொல்லை இல்லை.

பூஜ்யம் காட்டியும் கிடைக்காதது ஜிபிஎஸ்ஸின் இயல்பு. வெட்டவெளியில் 3 முதல் 5 மீட்டர் பிசகும், மரத்தடியில் 10 மீட்டர் கூடப் போகும். ஈரப் பனி அப்பிய ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கிளைக்குக் கீழே இன்னும் மோசம், ஏனென்றால் சிக்னலை உறிஞ்சுவது தண்ணீர். காய்ந்த பொடிப் பனி அவ்வளவு மறைக்காது. வைத்தவரின் கருவியும் இதே அளவு பிசகியிருக்கும், இரண்டும் சேரும். அதனால் 10 மீட்டருக்குள் வந்ததும் போனைச் சட்டைக்கு உள்ளே போட்டுட்டு, ஒளித்தவர் எங்கே கை வைத்திருப்பார் என்று பாருங்க: இரட்டை மரம், சாய்ந்த கட்டை, தானாக விழ முடியாத மாதிரி அடுக்கிய குச்சிகள், சுற்றிலும் சமமாக இருக்கையில் ஒரு இடத்தில் மட்டும் பனி மேடு.

திருப்பூர்: என்ற பையன் ஜனவரியில் கனடா போறானுங்க. இந்த விளையாட்டுல ஆர்வம். இங்கிருந்தே பனியன் ஒரு டஜன் எடுத்துக் குடுத்து விடட்டுங்களா?

பதில்: வீட்டுக்குள்ளே போட்டுக்கக் குடுங்க. காட்டுக்குப் பருத்தி வேண்டாமுங்க. நடக்கும்போது வேர்க்கும், பருத்தி அதைக் குடிச்சு வச்சுக்கும், கேச் தேடி நின்ற ஐந்தாவது நிமிஷம் அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துடும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், அதற்கு மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றுப் புகாத சட்டை. பாலியஸ்டர் உள்ளாடை உங்க ஊரிலேயே ஏற்றுமதித் தரத்தில் கிடைக்கும். கையுறை இரண்டு ஜோடி: மெல்லியது ஒன்று போன் தொடவும் டப்பா திறக்கவும், தடித்தது ஒன்று அதன் மேலே. காற்றோடு சேர்த்துக் கணக்கிட்ட குளிர் −28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிஷத்தில் உறையலாம். அன்றைக்குத் தேடவே போகக் கூடாது என்று சொல்லி அனுப்புங்க.

ஈரோடு: ஜெல் பேனா போதுங்களா?

பதில்: போதாது. பென்சில். மை உறையும்.

பொள்ளாச்சி, இப்போது மியூனிக்: டப்பா கிடைச்சுது, மூடி திறக்கவே இல்லை. பலமா இழுத்தா உடையுமோன்னு விட்டுட்டு வந்துட்டேன் அண்ணா.

பதில்: விட்டது சரி அம்மிணி. குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும். நாலு பக்கமும் கிளிப் போட்ட சாப்பாட்டு டப்பாவில் முதலில் போவது கிளிப்பின் கீல்தான். மூடி ஓரத்தில் இருக்கும் பனியைச் சின்ன பிரஷ்ஷால் தட்டுங்க. சட்டைக்குள்ளே, உள்ளாடைக்கு மேலே வைத்து ஐந்து பத்து நிமிஷம் சூடு காட்டுங்க. பிறகு கிளிப்பைக் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளுங்க. பிளாஸ்கில் இருந்து வெந்நீர் ஊற்றவே கூடாது. திடீர் சூட்டில் விரிசல் விடும், ஊற்றிய தண்ணீரே ரப்பர் வளையத்தில் உறைந்து அடுத்தவருக்கு இன்னும் இறுகும். திறந்தபின் குனிந்து மறைத்துக்கொண்டு எழுதுங்க. உள்ளே விழும் ஒரு சிட்டிகைப் பனி வசந்தத்தில் லாக் புத்தகத்தைக் கூழாக்கிடும்.

கோபி, இப்போது கால்கரி: எனக்கு முன்னாடி போனவர் காலடித் தடம் நேரா மரத்துக்கிட்டே போகுது. அதைப் பார்த்துப் போனா அது கண்டுபிடிச்சதா ஆகுமுங்களா?

பதில்: லாக் புத்தகத்தில் பெயர் எழுதினால் ஆகும். தடம் பார்க்கக் கூடாது என்று விதி இல்லை. என் கவலை வேறே. உங்களுக்கு வழி காட்டுகிற தடம், நாய் கூட்டிப் போகிறவருக்கும் விடலைப் பசங்களுக்கும் வழி காட்டும். புதுப் பனியில் பாதையை விட்டு விலகி, ஒரு மரத்தைச் சுற்றி, திரும்பி வந்த தடம் கண்ணில் பட்டால் யாருக்கும் போய்ப் பார்க்கத் தோணும். பனிக்காலத்தில் கேச் காணாமல் போக இது முக்கியக் காரணம்.

நாமக்கல்: ஒத்துக்க மாட்டேனுங்க. தடம் பார்த்துப் போறது பரீட்சையில பக்கத்துத் தாளைப் பார்க்கிற மாதிரி. தேடுறதுதானே விளையாட்டு?

பதில்: தேடலின் சுகம் போகும், உண்மை. அதற்கு வழி உங்க கையில் இருக்கிறது: தடத்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்கமிருந்து வாங்க, அல்லது அடுத்த பனி மூடும்வரை காத்திருங்க. அடுத்தவர் லாகைப் பொய் என்று சொல்ல அது காரணமாகாது. முதலில் கண்டவர் யார் என்ற போட்டியில் மட்டும் உங்க பேச்சுக்கு எடை உண்டு. ஆனால் அங்கே முன்னால் போனவர்தான் தடமே போட்டவர், அவர் யாரையும் பார்த்து எழுதவில்லையே.

காங்கேயம்: நம்மூர்ல மழை விட்ட மறுநாள் செம்மண்ணுலயும் இப்படித்தான் தடம் விழுகுது. அப்படின்னா கால்கரிக்காரர் சுத்திச் சுத்திப் பொய்த் தடம் போட்டு வச்சா யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்கல்லோ?

பதில்: கொஞ்சம் உதவும், அளவோடு. நேராகப் போய் நேராகத் திரும்பாமல் பாதையோரமாகவே நடந்து, கேச்சைத் தாண்டிப் போய் வேறு இடத்தில் பாதையில் ஏறுங்க. வழியில் இரண்டு மூன்று மரத்தடியில் நின்று அங்கேயும் பனியைக் கலைச்சு வையுங்க. அவ்வளவு போதும். காடு முழுக்க மிதித்தால் பனிக்கு அடியில் இருக்கும் இளங்கன்று ஒடியும், அடுத்தவர் நிலத்துக்குள்ளேயும் போயிடுவோம்.

நாமக்கல்: அப்போ பனி பெய்யும்போதே போயிட்டா தடம் மூடிடுமே?

பதில்: மூடும். நீங்க திரும்பி வரப் பார்க்க வேண்டிய தடமும் சேர்ந்து மூடும். பெய்து நின்றபிறகு போங்க. இந்த வாதத்தை இத்தோடு நிறுத்திக்கலாம், கேள்விகள் நிறைய நிற்கின்றன.

கால்கரித் தம்பிக்கு ஒன்று பாக்கி. உங்க மேற்கே மலைக்காட்டில் ஆழமான பனியில் தாழ்ந்த கிளை உள்ள மரத்தின் அடியில் பனி கெட்டிப்படாது. கிளைக்குக் கீழே குழியாக இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. தலைகீழாக விழுந்தால் தானாக வெளியே வருவது ரொம்பக் கஷ்டம். மூச்சு முட்டி இறந்திருக்கிறார்கள். அங்கே மரத்தடி கேச்சுக்குத் தனியாகப் போகவே வேண்டாம். 30 முதல் 45 பாகைச் சரிவில், அதற்கு நேர் கீழேயும், புதுப் பனி விழுந்த நாட்களில் நடக்காதீங்க. பனிச்சரிவு பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான் கிளம்பும்.

உடுமலை: ஊட்டியில் பனியில் கேச் தேடலாமா?

பதில்: அங்கே விழுவது உறைபனி. வெயில் ஏறினால் போயிடும்.

கோவை: மண்வெட்டி எடுத்துப் போய்ப் பனியைத் தோண்டிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். மண்வெட்டி டப்பாவை உடைக்கும், தரையைக் கீறும். நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் கேச்சுக்காக மண்ணைத் தோண்டக் கூடாது என்பது விதி, அதனால் தோண்டி எடுக்க வேண்டியது பெரும்பாலும் எதுவும் இல்லை. நுனி மழுங்கிய குச்சியால் மெதுவாகக் குத்திப் பாருங்க. மரம் ‘தொக்’ என்னும், டப்பா காலிப் பாத்திரம் மாதிரிச் சத்தம் போடும்.

பவானி, இப்போது மின்னசோட்டா: குளத்துக்கு அந்தப் பக்கம் கேச். சுத்திப் போனா 2 கிலோமீட்டர். மேலே பனிக்கட்டி கெட்டியாத்தான் தெரியுது.

பதில்: சுத்திப் போங்க. தெளிந்த புதுப் பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. இருந்தால்தான் ஒரு ஆள் நடக்கலாம் என்பார்கள். வெளுத்த கட்டிக்கு அதன் பலம் பாதிதான். அதன் மேல் புதுப் பனி மூடியிருந்தால் கனம் கண்ணுக்குத் தெரியாது, போர்வை மாதிரி மூடுவதால் கீழே உறைவதும் மெதுவாகிடும். ஓடை சேரும் இடத்தில் இன்னும் மெலிசு. ஒரு டப்பாவுக்காக அந்தக் கணக்கைப் போடவே போடாதீங்க.

சத்தியமங்கலம்: குளிர்ல போன் பாதி சார்ஜில் அணைஞ்சு போகுது. பேட்டரி கெட்டுப் போச்சா?

பதில்: கெடவில்லை. குளிரில் லித்தியம் அயன் பேட்டரி தற்காலிகமாகத் திறன் குறையும், சூடானால் திரும்ப வரும். உடம்போடு ஒட்டி வையுங்க, பவர் பேங்கையும் அங்கேயே. வரைபடத்தையும் கேச் விவரத்தையும் முன்கூட்டியே இறக்கிக்கோங்க. தனி ஜிபிஎஸ் கருவி என்றால் ஆல்கலைன் செல் வேண்டாம், சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ செல் −40 வரை தாங்கும். வீட்டுக்குள் நுழையும் முன் போனை ஜிப் பையில் போட்டு மூடிடுங்க, ஈரம் பைக்கு வெளியே படியும்.

கரூர்: குளிர்ல பேட்டரி நிக்கறதில்ல, என்ன பண்ணட்டும்?

பதில்: மேலே இருக்கும் பதிலைப் படிங்க.

காங்கேயம்: எங்க கொரங்காட்டுல (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) ஒரு கேச் வைக்கோணும்னு ஆசைங்க. மழைக்காலம் வருது. எப்படி வைக்கட்டும்?

பதில்: நல்ல யோசனைங்க, சொந்த நிலம் என்பதால் அனுமதிச் சிக்கல் இல்லை. வனத்துறை நிலத்தில் யாரும் வைக்க வேண்டாம். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். தடாகம், மருதமலை அடிவாரத்தில் யானை நடமாட்டம் உண்டு.

உங்க காட்டில் கல் குவியலும் கிளுவை வேலியின் அடியும் வேண்டாம். சுருட்டை விரியன், தேள் இரண்டும் தங்கும் இடம் அது. தேடுகிறவர் கண்ணால் பார்க்காமல் கை விடும் எந்த இடத்திலும் வைக்காதீங்க. வேம்பு நிழலில் நெஞ்சு உயரத்தில், இரண்டு பக்கமும் மூடி போட்ட பிவிசி குழாய்த் துண்டைக் கம்பியில்லாமல் கயிற்றில் தொங்க விடுங்க. வெள்வேலில் முள் குத்தும். வைக்கும் முன் உள்ளே டிஷ்யூ காகிதம் போட்டு ஒரு ராத்திரி வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்க. காலையில் காகிதம் காய்ந்திருந்தால் ஐப்பசி மழையைத் தாங்கும். லாக் புத்தகத்துக்கு ஜிப் பை, கூட ஒரு சிலிகா ஜெல் பொட்டலம். மிட்டாய், தின்பண்டம் உள்ளே கூடாது, எறும்பும் எலியும் வரும். பிளாஸ்டிக் பை வெளியே கிடந்தால் மாடு தின்னும். “படலைத் திறந்தவர் சாத்திவிட்டுப் போகவும்” என்று விவரத்தில் முதல் வரியாக எழுதுங்க. பக்கத்தில் வேறு கேச் இருந்தால் 161 மீட்டர் இடைவெளி வேணும்.

தாராபுரம்: அமெரிக்காவிலிருந்து வர்ற மச்சான் கார்மின் இன்ரீச் கொண்டு வரட்டுமான்னு கேட்கிறார்.

பதில்: வேண்டாம் என்று சொல்லுங்க. அது இரிடியம் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவி, இந்தியாவில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு.

பல்லடம்: பால்பாயின்ட் பேனா?

பதில்: பென்சிலுங்க, பென்சில்.

அவிநாசி, டொரான்டோ: எடுத்துட்டேன் அண்ணா! ஒரே ஒரு சந்தேகம், திருப்பி வைக்கும்போது மேலே பனியைப் போட்டு மூடட்டுங்களா?

பதில்: இருந்த மாதிரியே வையுங்க. அடியில் உங்க கைச்சூட்டில் உருகிய ஈரம் இருந்தால் டப்பா தரையோடு உறைந்து ஒட்டிக்கும், அதனால் காய்ந்த பட்டையோ சுள்ளியோ இரண்டு அடியில் போட்டு அதன் மேல் வையுங்க. பிறகு பொடிப் பனியைத் தூவுங்க, அமுக்க வேண்டாம், அமுக்கினால் இறுகிடும். லாகில் பனி எத்தனை செ.மீ. இருந்தது, டப்பா உறையாமல் இருந்ததா என்று தேதியோடு எழுதுங்க.