பூக்காத வாரத்தையும் எழுதுங்கள்

கேள்வி: பண்ணைக்காடு பக்கம் ஆசிரியையாக இருக்கிறேன். எட்டுப் பிள்ளைகளுடன் ஜனவரியிலிருந்து மரங்கள் பூப்பதையும் தேனீ வருவதையும் நோட்டில் எழுதி வருகிறோம். பல வாரம் எழுத ஒன்றுமே இல்லை. மூன்று வாரம் போகவே முடியவில்லை. நோட்டைச் சரிசெய்து சான்றிதழும் வாங்கித் தருவதாக ஒருவர் தலைக்கு 500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் டீச்சர். அவர் சொல்லும் 'சரிசெய்வது' என்ன தெரியுமா? முன்வாரம், பின்வாரம் பார்த்து, விட்டுப்போன மூன்று வாரத்தையும் உட்கார்ந்த இடத்திலேயே நிரப்புவது. மலையில் இப்படி அலைபவர்கள் நாலைந்து பேரைப் பார்த்துவிட்டேன். பொதுமக்களே மரங்களைக் கவனித்துப் பதியும் சீசன்வாட்ச் மாதிரித் திட்டத்தில் சேரக் காசே கிடையாது. வாரம் ஒரு முறை அதே மரத்தைப் பார்த்து இலை, பூ, காய் ஒவ்வொன்றும் இல்லையா, கொஞ்சமா, நிறையவா என்று குறித்தால் போதும்.

உங்கள் நோட்டில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. முள்முருங்கையில் ஒரு வாரம் 'பூ இல்லை', அடுத்த வாரம் 'கொஞ்சம்' என்று இருந்தால், அந்த ஏழு நாளுக்குள் பூக்கத் தொடங்கியது என்று அடித்துச் சொல்லலாம். முந்தைய வாரம் வெற்றாக இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. பார்த்தும் பூ இல்லையென்றால் பூஜ்யம் போடுங்கள். போகவில்லையென்றால் 'போகவில்லை, மழை' என்று எழுதி ஒரு கோடு இழுங்கள். இரண்டும் வேறு வேறு.

வாரக் கணக்கு காபிக்கு மட்டும் சரிவராது. மொட்டு முற்றியும் மழைக்காகக் காத்துக்கிடக்கும். கோடையில் ஓர் அங்குலம் போல நல்ல மழை பெய்தால், எட்டுப் பத்து நாளில் தோட்டமே வெள்ளையாகிவிடும். இரண்டு மூன்று நாளில் வாடியும் விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனால் மொட்டைப் பார்ப்பீர்கள், அடுத்த ஞாயிறு காய்ந்த பூவைப் பார்ப்பீர்கள். அதனால் மழை பெய்த தேதியை எழுதுங்கள், ஆறாம் நாளிலிருந்து தினமும் போங்கள். ஸ்பிரிங்ளர் போட்ட தோட்டமா? அந்தத் தேதியும் வேண்டும். தண்ணீர் பட்டாலும் மொட்டு விரியும். மழையளவைப் பள்ளி முற்றத்தில் நேர்ப்பக்கமுள்ள டப்பா வைத்து நீங்களே அளங்கள். ஒருமுறை நான் மனுப் போட்டுக் கேட்டேன். மாவட்டச் சராசரி வந்தது, அதுவும் காபிப் பழம் பறித்த பிறகு! ஒரு முகடு தாண்டினால் மழை மாறும் மலையில் சராசரியை வைத்து என்ன செய்வது?

தேனீயை எண்ணக் காலை பத்து மணி வாக்கில், ஒரே கிளையில், ஐந்து நிமிடம். பெரியது மலைத்தேனீ, நடுத்தரம் அடுக்குத்தேனீ, பொடியாக இருப்பது கொசுத்தேனீ. சந்தேகமென்றால் பெரியது, நடுத்தரம், பொடி என்றே எழுதட்டும். பூவுக்கு மேல் அந்தரத்தில் அசையாமல் நின்றால் பெரும்பாலும் அது ஈதான். பக்கத்துத் தோட்டத்தில் புதிதாகத் தேனீப் பெட்டி இறக்கியிருந்தால் அதையும் ஒரு வரி எழுதுங்கள்; இல்லையென்றால் திடீரென்று கூடிய எண்ணிக்கையைப் பார்த்துப் பிற்பாடு குழம்புவோம்.

குறிஞ்சி எப்போது என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2018இல் பூத்தது, இனி 2030. அதுவரை முள்முருங்கை போதும்.

அப்புறம், ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றே போனில் படம் எடுத்து வையுங்கள். அந்த 500 ரூபாய் ஆள் முதலில் கேட்பது அசல் நோட்டைத்தான்.