கட்டண மென்பொருளிலிருந்து கட்டற்ற மென்பொருளுக்கு மாற எங்கிருந்து தொடங்குவது?

இயங்குதளத்தை முதலில் மாற்றுவதா, செயலிகளை முதலில் மாற்றுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். செயலிகளையே முதலில் மாற்றுங்கள் என்பது என் உறுதியான கருத்து. லிப்ரேஆபீஸ் (அலுவலக ஆவணங்களுக்கு), கிம்ப் (படங்களைத் திருத்த), இங்க்ஸ்கேப் (வரைகலைக்கு), விஎல்சி (காணொளிக்கு) ஆகிய கட்டற்ற செயலிகள், அதாவது எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ளவை, அனைத்தும் விண்டோஸிலும் இயங்குவதால், பழகிய கணினியிலேயே அவற்றைச் சில மாதங்கள் பயன்படுத்தி, கை பழகிய பிறகு லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளத்துக்குச் சென்றால், அங்கே புதிதாகக் கற்க வேண்டியது மிகக் குறைவாகவே இருக்கும்.

சிக்கல் பெரும்பாலும் பழைய கோப்புகளில்தான் எழும். வேர்டில் காலிப்ரி எழுத்துருவில் தயாரித்த ஆவணத்தை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் லிப்ரேஆபீஸ் ரைட்டர் கொண்டு திறந்தால், வரிகள் இடம் மாறி, ஒரே பக்கத்தில் அடங்கியிருந்த விண்ணப்பம் இரண்டாம் பக்கத்துக்கு வழிந்துவிடக்கூடும். இதைக் கண்டவுடனேயே சிலர் மனம் சலித்துப் பழைய மென்பொருளுக்கே திரும்பிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. காலிப்ரியின் எழுத்து அகலங்களையே கொண்ட கார்லிட்டோ என்னும் கட்டற்ற எழுத்துருவை நிறுவினால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடும். எக்செல் மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) அவ்வளவு எளிதில் வசப்படா. அவற்றை நம்பியிருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்த பின்பே பழைய உரிமத்தைக் கைவிடுங்கள்.

புதிய ஆவணங்களை ஓடிஎஃப் (ODF) என்னும் திறந்த ஆவண வடிவில் சேமியுங்கள். 2006இல் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரமாக வெளியான இவ்வடிவத்தின் விவரக்குறிப்பு எவரும் படிக்கத்தக்க வகையில் வெளிப்படையாக இருப்பதால், எந்த நிறுவனம் மூடப்பட்டாலும், உங்கள் எழுத்தைத் திறக்கும் மென்பொருளை வேறொருவர் உருவாக்க முடியும். பிறர் திருத்தத் தேவையில்லாத இறுதிப் பிரதிக்கு பிடிஎஃப் போதும்.