நிரல் எழுதத் தெரியாத தமிழாசிரியர் கட்டற்ற மென்பொருளுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றிருக்கிறேன். வினாத்தாள், ஆண்டுமலர் எல்லாவற்றையும் வானவில் எழுத்துருவில் நானே தட்டச்சு செய்தவன். நிரல் எழுதத் தெரியாது. யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடிய கட்டற்ற மென்பொருள்களுக்குப் பங்களிக்க ஆசை. என்னால் ஆகிற வேலை உண்டா? எங்கிருந்து தொடங்குவது, எவ்வளவு செலவாகும்? உடல்நிலை காரணமாக நடுவில் விட நேர்ந்தால் செய்ததெல்லாம் வீணாகிவிடுமா?

பதில்:

ஐயா, உங்களால் ஆகிற வேலை நிறைய இருக்கிறது. அதிலும் எழுத்துப்பிழையைக் காட்டும் மென்பொருளுக்கு அகராதி அமைப்பது நிரலர்களால் தனியாகச் செய்து முடிக்க முடியாத வேலை. குற்றியலுகரமும் சாரியையும் அறிந்தவர் உட்கார்ந்தால்தான் அது நகரும். நேரே அங்கே போகாமல் முதல் ஒரு மாதத்தை விசைப்பலகைக்கும் மொழிபெயர்ப்புக்கும் கொடுங்கள். பிறகு அகராதிக்கு வாருங்கள்.

செலவு என்று பார்த்தால் இணையக் கட்டணம் மட்டும்தான். 4 ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினி போதும். விண்டோஸும் சரி, லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளமும் சரி. பங்களிப்பதற்குப் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், சான்றிதழ்க் கட்டணம் என்று யாராவது கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். நாம் இங்கே பேசும் எந்தத் திட்டத்திலும் அப்படி ஒன்று கிடையாது.

முதலில் வானவில்லை விட வேண்டும். அது ஆங்கில எழுத்துகளின் குறியெண்களுக்குத் தமிழ் வடிவத்தைப் போர்த்திய எழுத்துரு. எழுத்துருவை எடுத்துவிட்டால் பின்னால் இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல்தான். எல்லாத் திட்டங்களும் ஒருங்குறியில், அதாவது ஒவ்வொரு மொழியின் எழுத்துகளுக்கும் தனிக் குறியெண் தரும் யூனிகோடில், நடக்கின்றன. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைப் பழகுவது நல்லது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும். கவை இருமுறை தட்டினால் ‘க்க’ ஆகிவிடும், புள்ளியைத் தனியே இட வேண்டாம். பழைய தட்டச்சுப்பொறி வரிசைதான் கைக்கு வரும் என்றால் லினக்ஸில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் அதையும் தேர்ந்தெடுக்கலாம். யூனிகோடு வந்தால் சரி, எந்த வரிசையில் தட்டினீர்கள் என்பதைக் கணினி பார்ப்பதில்லை.

யூனிகோடில் கண்ணை ஏமாற்றும் பிழை ஒன்று உண்டு. ‘கௌரவம்’ என்ற சொல்லில் ககரத்துடன் சேர்ந்திருப்பது ஔகாரக் குறி. பலர் ஒற்றைக் கொம்பும் அதன்பின் ளகரமும் தட்டி ‘கெளரவம்’ என்று எழுதுகிறார்கள். அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டாவது, ‘கெ’, ‘ள’ என்று தொடங்கும் வேறு சொல். தேடினால் அகப்படாது, அகராதியோடு ஒத்துப்போகாது. ‘ஔவை’யை ‘ஒளவை’ என்று தட்டுவதும் இப்படித்தான். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றியபின் இந்த இரண்டையும் ஒருமுறை தேடித் திருத்திவிடுங்கள்.

அடுத்தது மொழிபெயர்ப்பு, அதாவது மென்பொருளின் திரையில் வரும் வாசகங்களைத் தமிழாக்குவது. லிப்ரெஆபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பழகிய ஆவணம், அட்டவணை வேலைகளையே செய்வது என்பதால் எந்த வாசகம் எங்கே வருகிறது என்று எளிதில் பிடிபடும். அதன் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற இணையத்தளத்தில், உலாவியிலேயே நடக்கிறது. ஆங்கில வாசகம் மேலே, உங்கள் தமிழுக்கான பெட்டி கீழே. கணக்கு தொடங்கியதும் நேரடியாகச் சேமிக்காமல் பரிந்துரையாக இடுங்கள். இருபது வாசகங்களோடு நிறுத்தி, தமிழ்க் குழுவில் ஏற்கெனவே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். புதிய பதிப்பு ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் வருகிறது. வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் இடுவது அடுத்த சுற்றுக்குத் தள்ளிப்போகலாம். அவசரம் வேண்டாம்.

இங்கே நல்ல தமிழறிஞரும் சறுக்கும் இடம், வாசகத்துக்குள் வரும் %1, %2 போன்ற இடக்குறிகள். நிரல் ஓடும்போது அந்த இடத்தில் ஒரு கோப்பின் பெயரோ எண்ணோ வந்து உட்காரும். ‘%1ஐ நீக்கவா?’ என்று எழுதினால், கோப்பின் பெயர் ‘கடிதம்’ ஆக இருக்கும்போது திரையில் ‘கடிதம்ஐ நீக்கவா?’ என்று வரும். வரப்போகும் பெயரைக் கணினி புணர்க்காது. எனவே உருபை இடக்குறியில் ஒட்டாமல் ‘“%1” என்ற கோப்பை நீக்கவா?’ என்று எழுத வேண்டும். இரண்டு இடக்குறிகள் இருந்தால் தமிழ் வாக்கிய ஒழுங்குக்கு ஏற்ப %2ஐ முன்னால் கொண்டுவரலாம், எண் மாறாமல் இருந்தால் போதும். ஒன்று விடுபட்டால் செய்தி அரைகுறையாக வரும், சில மென்பொருள்களில் நிரலே முறிந்துவிடும்.

பட்டி (மெனு) பெயர்களில் ஓர் எழுத்துக்கு முன்னால் அடிக்கோடோ (_) அலைக்குறியோ (~) நிற்கும். ஆல்ட் விசையோடு சேர்த்து அழுத்த வேண்டிய எழுத்து எது என்பதற்கான குறி அது. தமிழில் ஆங்கில எழுத்தை அடைப்புக்குள் கடைசியில் வைத்துக் குறியை அதற்கு இடுவது பலரும் பின்பற்றும் வழக்கம். குறியைத் தமிழ் உயிர்மெய்யின் நடுவில் இட்டுவிட்டால் எழுத்தே உடைந்து, கொம்பு தனியாகத் தொங்கும்.

கலைச்சொல்லில் உங்கள் விருப்பத்தைவிட ஒருமை முக்கியம். ஒரு மென்பொருளில் ‘கோப்புறை’ என்று ஐநூறு இடத்தில் இருந்தால், அதைவிட நல்ல சொல் உங்களிடம் இருந்தாலும் ஐநூற்றோராவது இடத்திலும் ‘கோப்புறை’தான். மாற்ற வேண்டும் என்று தோன்றினால் குழுவில் பேசி, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களும் இதே பதிப்பைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டவே ஒட்டாதீர்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக நிற்கும் வாசகத்துக்கு ‘வலது’, ‘சரி’ என்ற இரு பொருளும் இருக்கலாம். அது எந்தத் திரையில் வருகிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

இனி அகராதி. லிப்ரெஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் எழுத்துப்பிழை பார்க்க ஹன்ஸ்பெல் என்ற பொறியைப் பயன்படுத்துகின்றன. லாஸ்லோ நேமெத் ஹங்கேரிய மொழிக்காக உருவாக்கியது இது. ஹங்கேரியமும் நம் மொழியைப் போல விகுதி மேல் விகுதி ஒட்டும் மொழி என்பதால், இதன் அமைப்பு தமிழுக்கு ஓரளவு பொருந்துகிறது. இதில் இரண்டே கோப்புகள், இரண்டும் வெறும் எழுத்துக் கோப்புகள். ஒன்றில் வேர்ச்சொற்கள் வரிக்கு ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றின் பின்னும் சாய்கோடு இட்டு, எந்த விதி பொருந்தும் என்று எண் போடுவார்கள்: ‘மரம்/1’, ‘வீடு/2’ என்பதுபோல. மற்றதில் அந்த விதிகள் இருக்கும். ஒரு விதி நான்கு செய்திகளைச் சொல்கிறது: விதியின் எண், சொல்லின் கடைசியில் எதை வெட்டுவது, எதை ஒட்டுவது, எந்த நிபந்தனையில்.

‘மரம்’ இரண்டாம் வேற்றுமையில் ‘மரத்தை’ ஆகிறது. விதி இப்படி: ‘ம்’ வெட்டு, ‘த்தை’ ஒட்டு, சொல் ‘ம்’ என்று முடிந்திருந்தால். இவ்வளவோடு விட்டால் ‘டீம்’ என்பது ‘டீத்தை’ ஆகிவிடும். அத்துச் சாரியை அகரத்தை அடுத்த மகர ஈற்றுக்குத்தான் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதைக் கணினிக்குச் சொல்ல வேண்டும் என்றால், ‘ம்’முக்கு முந்தைய குறி எந்த உயிர்க்குறியும் புள்ளியும் இல்லாத வெறும் எழுத்தாக இருக்க வேண்டும் என்று நிபந்தனையைக் கட்ட வேண்டும்.

‘வீடு’ இன்னும் சுவையானது. ‘டு’ வெட்டி ‘ட்டை’ ஒட்டினால் ‘வீட்டை’. அதே விதி ‘வண்டு’க்கும் ‘பாட்டு’க்கும் பாய்ந்தால் ‘வண்ட்டை’, ‘பாட்ட்டை’ என்று விபரீதமாகும். நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகரங்களில்தான் டகர றகர ஒற்று இரட்டும் என்று நன்னூல் சொல்வதைத்தான் இங்கே நிபந்தனையாக எழுதுகிறோம்: ‘டு’வுக்கு முன்னால் புள்ளி இருக்கக் கூடாது. அப்போது மென்தொடரும் வன்தொடரும் தாமாக விலகிவிடும். ‘கிணறு’, ‘வயிறு’ போன்றவற்றுக்கு இதே அமைப்பில் றகர விதி. ஆனால் ‘மடு’வும் அந்த நிபந்தனைக்குள் நுழைந்துவிடும். அது முற்றியலுகரம், ‘மடுவை’ என்றுதான் வரும். குறிலா நெடிலா என்று பார்க்கும் நிபந்தனையை நீட்டி எழுதிக்கொண்டே போவதைவிட, அப்படிப்பட்ட சொற்களுக்கு வேறு விதி எண் கொடுத்துவிடுவது நல்லது. எந்தச் சொல்லுக்கு எந்த எண் என்று முடிவு செய்வதுதான் உங்கள் வேலையின் பெரும்பகுதி.

பிறகு வலிமிகுதல். ‘வீட்டைக் கட்டினான்’, ‘வீட்டைப் பார்த்தான்’ என்று எழுதுகிறோம். ஹன்ஸ்பெல் இடைவெளிக்கு இடைவெளி ஒரு சொல்லாகப் பார்ப்பதால், ‘வீட்டை’ மட்டும் இருந்தால் ‘வீட்டைக்’ பிழை என்று சிவப்புக் கோடு விழும். க், ச், த், ப் நான்கும் சேர்ந்த வடிவங்களை இரண்டாம் அடுக்கு விகுதியாகக் கொடுக்க வேண்டும். ஹன்ஸ்பெல் இரண்டு அடுக்கு விகுதிகளைத்தான் அனுமதிக்கும். ‘வீடுகளிலிருந்தும்’ என்பதில் நான்கு உறுப்புகள் இருக்கின்றன. அவற்றை முன்கூட்டியே சேர்த்து ஒரே விகுதியாக எழுதுவதுதான் வழி. ‘வீட்டைக் பார்த்தான்’ என்ற பிழையை இது பிடிக்காது, அடுத்த சொல்லை இது பார்ப்பதில்லை. அதற்கு லேங்குவேஜ்டூல் என்ற இலக்கணத் திருத்தி இருக்கிறது, அதில் தமிழும் உண்டு. அங்கே ஒவ்வொரு விதியோடும் பிழையான எடுத்துக்காட்டு வாக்கியத்தைக் கொடுக்க வேண்டும், அந்த வாக்கியத்தை வைத்தே விதி வேலை செய்கிறதா என்று தானியக்கமாகச் சோதிக்கிறார்கள். ஓராண்டு ஹன்ஸ்பெல் பழகியபின் அங்கே போங்கள்.

புதிதாக அகராதி தொடங்க வேண்டாம். தமிழ் ஹன்ஸ்பெல் கோப்புகள் ஏற்கெனவே உள்ளன, ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையில் நிறுவத் தயாரான பொதியாகவே கிடைக்கும். அதை எடுத்து ஒரே ஒரு விதியை மட்டும் திருத்துங்கள். ஒவ்வொரு விதித் தொகுதிக்கும் மேலே தலைப்பு வரி ஒன்று உண்டு, அதில் கீழே எத்தனை விதிகள் வருகின்றன என்ற எண் இருக்கும். விதியைக் கூட்டிவிட்டு எண்ணை மாற்ற மறப்பதுதான் தொடக்கத்தில் எல்லோருக்கும் நேர்வது. அப்படிச் செய்தால் சேர்த்தது வேலை செய்யாது, சிலபோது அதற்குக் கீழுள்ளதும் குழம்பும்.

சோதனைக்கு இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சரியான வடிவங்கள் 100. மற்றதில் மாணவர் விடைத்தாள்களில் நீங்கள் சுழித்த பிழைகள் 100: ‘மரமை’, ‘வீடை’, ‘கிணறை’ போன்றவை. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். முதல் பட்டியலில் ஒன்றுகூடக் கோடு விழக் கூடாது, இரண்டாவதில் எல்லாவற்றுக்கும் விழ வேண்டும். இரண்டாவது பட்டியல் உங்களைப் போன்றவரிடம் மட்டுமே இருப்பது. ஒரு சொல்லும் அகராதியில் சேராவிட்டாலும் அந்தப் பட்டியலை மட்டும் கொடுத்தால்கூட அது பெரும் பங்களிப்பு.

சொற்களை விற்பனையில் உள்ள அகராதியிலிருந்து பார்த்து எழுதாதீர்கள். தொகுப்புக்கு உரிமை உண்டு, ஒரு புகார் வந்தால் கோப்பு முழுவதையும் நீக்க நேரிடும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களிலிருந்து திரட்டலாம்.

திருத்தியதை அனுப்புவது பெரும்பாலும் கிட்ஹப் வழியாக. திட்டக் கோப்புகளைப் பொதுவில் வைத்துப் பலரும் சேர்ந்து திருத்தும் இணையத்தளம் அது. கோப்பைத் திறந்து பென்சில் குறியை அழுத்தினால், உங்கள் கணக்கில் ஒரு நகலை அதுவே உருவாக்கும். திருத்தி, என்ன மாற்றினீர்கள், ஏன் என்று இரண்டு வரி எளிய ஆங்கிலத்தில் எழுதிப் புல் ரெக்வெஸ்ட், அதாவது மாற்றத்தை ஏற்கக் கேட்கும் கோரிக்கை, அனுப்ப வேண்டும். ஒரு கோரிக்கையில் ஒரு மாற்றம்தான். டகர விதியையும் முப்பது புதிய சொற்களையும் ஒரே கட்டாக அனுப்பினால் பார்ப்பவருக்கு மலைப்பாகி, கிடப்பில் போய்விடும். கோப்பைக் கணினியில் இறக்கித் திருத்துவதானால் வேர்டில் திறக்காதீர்கள். கேட் அல்லது நோட்பேட்++ என்ற எளிய எழுத்துத் திருத்தி போதும், வரிமுடிவு (ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் குறி) லினக்ஸ் முறையில் இருக்கிறதா என்று கீழ்ப்பட்டையில் பாருங்கள். அது விண்டோஸ் முறைக்கு மாறிவிட்டால் நீங்கள் ஒரு வரி திருத்தியிருந்தாலும் ஆயிரம் வரிகளும் மாறியதாகக் காட்டும், உடனே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு வரி நினைவூட்டல் தவறில்லை. அவர்களும் சொந்த நேரத்தில் செய்பவர்கள்.

கிட்ஹப்பில் ஒவ்வொரு மாற்றத்தோடும் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் பொதுவில் பதிந்து, நிரந்தரமாக நிற்கும். வங்கிக் கணக்கோடு இணைத்த மின்னஞ்சலைப் பயன்படுத்தாமல் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கிட்ஹப் அமைப்புகளில் மின்னஞ்சலை மறைக்கும் தெரிவையும் இயக்குங்கள்.

கண் களைத்த நாளில் மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்ற குரல் திரட்டும் திட்டத்தில் தமிழ் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்யலாம், பிறர் பதிவுகளைக் கேட்டுச் சரிபார்க்கலாம். குரல் முழு உரிமைத் துறப்போடு வெளியாகிறது, வெளியான தொகுப்பிலிருந்து திரும்பப் பெற முடியாது என்பதை அறிந்து செய்யுங்கள். சந்தேகம் கேட்க, கட்டற்ற மென்பொருளைத் தமிழில் பரப்பும் கணியம் அறக்கட்டளை, சென்னை லினக்ஸ் பயனர் குழு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஆகியவற்றில் தமிழிலேயே பேசுவார்கள்.

நடுவில் விட நேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பி ஏற்கப்பட்டது எதுவும் வீணாகாது. உங்கள் கணினியிலேயே தங்கிவிட்டதுதான் வீணாகும். அதனால் முழுமை பெறட்டும் என்று மாதக்கணக்கில் சேர்த்து வைக்காமல், வாரம் ஒருமுறை ஆனதை அனுப்பிவிடுங்கள். விதிக் கோப்பில் # குறியில் தொடங்கும் வரிகளை ஹன்ஸ்பெல் படிக்காது. ஒவ்வொரு விதித் தொகுதியின் தலைப்பு வரிக்கும் மேலே (தொகுதியின் நடுவில் அல்ல) அப்படி ஒரு வரியில் எந்த இலக்கணத்துக்காக எழுதியது, எந்தச் சொற்கள் விலக்கு, எது இன்னும் முடிவாகவில்லை என்று தமிழிலேயே குறித்து வையுங்கள். அடுத்து வருபவர் அந்த வரியிலிருந்து தொடருவார்.