நாகர்கோவில் அட்டை மார்த்தாண்டத்தில் செல்லுமா?

நாகர்கோவில் அட்டையோடு மார்த்தாண்டத்தில் உணவு வண்டி போட்டேன், எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அட்டை அங்கே செல்லாது. நாகர்கோவில் மாநகராட்சி தந்த சாலையோர வியாபாரி அட்டை அந்த எல்லைக்குள் மட்டும்தான். மார்த்தாண்டம் குழித்துறை நகராட்சியில் வருகிறது. உங்கள் வண்டியை எடுக்கச் சொன்னதில் தப்பில்லை.

'எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு) இருக்கே' என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பமே அங்கேதான். அந்த 14 இலக்க எண் உணவுப் பாதுகாப்புக்கு. எங்கே நிற்கலாம் என்பதை அது தீர்மானிக்காது.

முதலில் அட்டையைப் பாருங்கள். 'நிலையான' வியாபாரியா, 'நடமாடும்' வியாபாரியா? நிலையானது என்றால் நாகர்கோவிலுக்குள்ளேயே இடம் மாறினாலும் சிக்கல்தான்.

குழித்துறையில் இன்னொரு அட்டை வாங்கி, ஆள் போட்டு இரண்டாவது வண்டி ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். 2014 சாலையோர வியாபாரிகள் சட்டப்படி, வேறு பிழைப்பு இல்லை, நானோ என் குடும்பத்தாரோதான் விற்போம் என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். வாடகைக்கும் விட முடியாது.

எளிய வழி பட்டா நிலம். உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, குழித்துறை நகராட்சியில் தொழில் உரிமம் கேளுங்கள். வண்டியும் மேசையும் முழுக்க உள்ளே இருக்கணும். ஒரு சக்கரம் வெளியே வந்தாலும், அதுவும் தேசிய நெடுஞ்சாலை 66 ஓரம் என்றால், கடிதம் காப்பாற்றாது.

உங்கள் வண்டி குட்டியானை வேனாக இருந்து, அதன் பக்கத்தை வெட்டி கவுண்டர் வைத்திருந்தால் அந்த மாற்றம் ஆர்சியில் (வண்டிப் பதிவுச் சான்றில்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சிலிண்டர் 19 கிலோ நீலம்தான். வீட்டுச் சிவப்பு சிலிண்டர் எந்த ஊரிலும் ஆகாது.