பழைய தெய்வங்கள், துறவிகளின் ஏடுகள்: இடைக்கால பிரிட்டன் இலக்கியம் பற்றிக் கேள்வி பதில்

இடைக்கால பிரிட்டன் இலக்கியத்தில் கிறிஸ்தவத்துக்கு முந்தைய தொன்மங்கள் எப்படி வந்து சேர்ந்தன என்பது பற்றிக் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். "பேகன்" என்று நாம் மொத்தமாகச் சொல்வது மூன்று தனித்தனி ஊற்றுகள்: ஆங்கிலோ-சாக்சன்கள் கொண்டுவந்த ஜெர்மானியக் கதைகள், வேல்ஸ், அயர்லாந்து பக்கத்துக் கெல்டிக் கதைகள், லத்தீன் படிப்பின் வழியாக வந்த கிரேக்க, ரோமானியக் கதைகள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: ஏடுகளை எழுதியவர்கள் எல்லாம் கிறிஸ்தவத் துறவிகள்தானே சார்? பழைய தெய்வங்களின் கதைகளை அவர்களே ஏன் காப்பாற்றினார்கள்? ரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றினார்களா?

ரகசிய பக்தி என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்தக் கற்பனையை முதலிலேயே விட்டுவிடுவது நல்லது. காரணங்கள் வேறு.

கி.பி. 601இல் போப் கிரிகோரி, இங்கிலாந்துக்குச் சென்றுகொண்டிருந்த துறவி மெல்லிட்டஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். சிலைகளை உடையுங்கள், கோயில்களை இடிக்காதீர்கள். தீர்த்தம் தெளித்து அவற்றையே தேவாலயமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பலிக்கு மாடு வெட்டிப் பழகியவர்கள், இனி திருநாள் விருந்துக்கு வெட்டட்டும் என்றும் சொன்னார். 731இல் தன் திருச்சபை வரலாற்றை முடித்த ஆங்கிலேயத் துறவி பீட், இந்தக் கடிதத்தை அதில் முழுசாகவே கொடுத்திருக்கிறார். இலக்கியத்திலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது.

அடுத்தது அரச வம்சம். ஆங்கிலோ-சாக்சன் அரசர்கள் வோடன் தெய்வத்தின் வழிவந்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். ஞானஸ்நானம் வாங்கியபிறகும் அந்தப் பெருமையை விட மனமில்லை. எழுத்தர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வோடனை மனிதனாக்கி, அவனுக்கும் முன்னோர்களைச் சேர்த்து, நோவாவின் பேழையில் பிறந்த ஒரு மகன் வழியாக ஆதாம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். வெசெக்ஸ் அரசர் எதல்வுல்ஃபின் வம்சாவளி ஆங்கிலோ-சாக்சன் நாளாகமத்தில் இப்படித்தான் இருக்கிறது.

கடைசியாக, லத்தீன் கற்க வேண்டுமானால் வெர்ஜிலும் ஓவிடும் படிக்காமல் முடியாது. பள்ளிக்கூடமே பழைய தெய்வங்களைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

கேள்வி: "பியோவுல்ஃப்" பேகன் காவியமா, கிறிஸ்தவக் காவியமா? தேர்வில் எப்படி எழுதினாலும் மதிப்பெண் குறைகிறது.

கிறிஸ்தவக் கவிஞர் ஒருவர் தன் பேகன் முன்னோர்களைப் பற்றி எழுதிய காவியம். இப்படிச் சொல்லிவிட்டு உதாரணங்களுக்குப் போங்கள்.

3182 வரிகள் கொண்ட இந்தக் கவிதை ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் தப்பியிருக்கிறது. அது கி.பி. 1000 வாக்கில் எழுதப்பட்டது. 1731 தீவிபத்தில் ஓரங்கள் கருகின. கதை நடப்பதோ அதற்குச் சுமார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஸ்காண்டிநேவியாவில். கவிஞருக்கும் பாத்திரங்களுக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிதான் கவிதையின் உயிர்.

கிரெண்டல் என்ற அரக்கனைக் கவிஞர் காயீனின் வம்சம் என்கிறார். வடக்கத்திய மக்கள் பயந்த சதுப்புநிலப் பேய்க்கு பைபிளிலிருந்து ஒரு தகப்பன் கிடைத்துவிட்டான். கிரெண்டலின் தாக்குதல் தாங்காமல் டேனியர்கள் தங்கள் கோயில்களுக்கு ஓடிப் பலி கொடுக்கும்போது, "அவர்களுக்கு உண்மையான கடவுளைத் தெரியாது" என்று வருத்தப்படுகிறார். அதே டேனியர்களின் அரசர் ஹ்ரோத்கார், வேறிடத்தில் ஏக கடவுளுக்கு நன்றி சொல்லிப் பேசுகிறார். முரண்பாடுதான். தான் மதிக்கும் முன்னோர்களை முழுவதும் இருட்டில் விட கவிஞருக்கு மனம் வரவில்லை என்றுதான் நான் படிக்கிறேன்.

ஈமச் சடங்குகளைப் பாருங்கள். தொடக்கத்தில் ஷில்ட் என்ற அரசனின் உடலைப் பொன்னும் ஆயுதங்களும் நிறைந்த கப்பலில் வைத்துக் கடலில் விடுகிறார்கள். அந்தச் சரக்கு யார் கையில் போய்ச் சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது என்கிறார் கவிஞர். முடிவில் காவிய நாயகன் பியோவுல்ஃபின் உடலைச் சிதையில் எரித்து மேடு எழுப்புகிறார்கள். பிணத்தை எரிப்பது திருச்சபை ஏற்காத வழக்கம். ஆனால் கண்டனமாக ஒரு சொல்லும் இல்லை. புகை மேலே எழுவதையும், ஒரு பெண் அழுவதையும், பன்னிரண்டு வீரர்கள் மேட்டைச் சுற்றிக் குதிரையில் வருவதையும் அவ்வளவு பொறுமையாக எழுதுகிறார்.

1939இல் சஃபோக்கின் சட்டன் ஹூவில் ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் கப்பல் புதையிடம் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. இத்தகைய காட்சிகள் வெறும் கற்பனை அல்ல என்பதற்கு அது சாட்சி. பேகன் முறைப்படி அடக்கமான அந்த மனிதரோடு, பவுல் என்று கிரேக்க எழுத்தில் பொறித்த வெள்ளிக் கரண்டியும் இருந்தது.

கேள்வி: "பியோவுல்ஃப்" காவியத்தில் வோடன், இடித் தெய்வம் துனோர் எல்லாம் வருகிறார்களா?

இல்லை. "பியோவுல்ஃப்" முழுவதிலும் வோடன் பெயர் ஒருமுறைகூட வராது. விதி உண்டு, அரக்கர்கள் உண்டு, டிராகன் உண்டு. தெய்வங்களைக் கவிஞர் கவனமாக வெளியே நிறுத்திவிட்டார்.

வோடனைப் பார்க்க மருத்துவ ஏடுகளுக்குப் போக வேண்டும். ஒன்பது மூலிகை மந்திரம் என்று ஒன்று இருக்கிறது. ஊர்ந்து வந்த பாம்பை வோடன் ஒன்பது மகிமைக் குச்சிகளால் அடிக்க, அது ஒன்பது துண்டாகச் சிதறியது என்று சொல்லும். அதே மந்திரத்தில் கொஞ்சம் தள்ளி, ஆண்டவர் தொங்கிக்கொண்டிருந்தபோது படைத்த இரண்டு மூலிகைகளும் வருகின்றன. விஷம் இறங்க வேண்டும், அவ்வளவுதான் வைத்தியருக்கு வேண்டியது. வோடனும் கிறிஸ்துவும் ஒரே மந்திரத்தில் வருவது அவருக்கு உறுத்தவில்லை. ஆனால் பழைய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பான எக்ஸெட்டர் ஏட்டில் உள்ள முதுமொழிக் கவிதை ஒன்று, வோடன் செய்தது சிலைகள், எல்லாம் வல்லவர் செய்தது விண்ணுலகம் என்று நேராகவே மோதுகிறது.

கேள்வி: கிறிஸ்தவக் கதையும் பேகன் கதையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஒரு பொருளைக் காட்ட முடியுமா?

பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஃபிராங்க்ஸ் பேழை. திமிங்கில எலும்பில் செதுக்கியது, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். முன்பக்கத்தின் வலப் பாதியில் மூன்று ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்க வருகிறார்கள். தலைக்கு மேல் பழைய ஜெர்மானிய எழுத்தான ரூனில் அவர்கள் யார் என்று எழுதியிருக்கிறது. இடப் பாதியில் ஜெர்மானியக் கதைகளில் வரும் வீலண்ட் என்ற கொல்லன். அவனை முடமாக்கிச் சிறைவைத்த அரசனின் மகனைக் கொன்று, மண்டையோட்டைக் கிண்ணமாக்கி, அரசன் மகளிடமே நீட்டுகிறான். காலடியில் தலையில்லாத உடல். பரிசு கொண்டுவருகிறவர்களும் கொடூரமான பரிசு தருகிறவனும் ஒரே பலகையில். எதிர்எதிராக வைத்துப் பார்க்கத்தான் செதுக்கியவர் நினைத்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. பியோவுல்ஃபின் மார்புக்கவசத்தைச் செய்தவனும் இதே வீலண்ட்தான்.

கேள்வி: வேல்ஸின் இடைக்காலக் கதைகளான "மபினோகி"யில் வருபவர்கள் உண்மையில் தெய்வங்களா?

சிலர் தெய்வங்களாக இருந்தவர்கள் என்று உறுதியாகவே சொல்லலாம். ரோமானியர் காலத்தில் வடக்கு இங்கிலாந்தில் மபோனஸ் என்ற தெய்வத்துக்கு வைத்த கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. அவனே வேல்ஸ் கதையில் மோட்ரனின் மகன் மபோன். பிறந்த மூன்றாம் இரவிலேயே தாயிடமிருந்து காணாமல்போன பிள்ளை. அவன் எங்கே என்று கரும்பறவை, கலைமான், ஆந்தை, கழுகு என உலகின் மூத்த உயிர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போய், கடைசியில் சால்மன் மீனின் முதுகில் ஏறி க்ளோஸ்டர் சிறைச்சுவர் வரைக்கும் போகிறார்கள் ஆர்தரின் ஆட்கள். தெய்வம் கைதியாகிவிட்டது, ஆனால் அதைத் தேடும் பயணத்தில் பழைய பிரமிப்பு அப்படியே இருக்கிறது. இன்னொரு பாத்திரமான லெய், அயர்லாந்தின் லூக் தெய்வத்தோடு தொடர்புள்ளவன். ரியானன் என்ற அரசியைக் குதிரைத் தெய்வம் எப்போனாவோடு இணைப்பது நல்ல ஊகம், அதற்கு மேல் இல்லை.

பிரான் கதையை மட்டும் விடாமல் படியுங்கள். அயர்லாந்துப் போரில் காயம்பட்ட பிரிட்டன் அரசன் பிரான், தன் தலையை வெட்டி எடுத்துப்போகச் சொல்கிறான். உயிர் தப்பியது ஏழு பேர். அந்தத் தலை பேசிக்கொண்டே வருகிறது. ஹார்லெக்கில் ஏழு வருஷம், குவாலெஸ் தீவில் எண்பது வருஷம், துக்கமே தெரியாமல் விருந்தில் இருக்கிறார்கள். கார்ன்வால் பக்கம் பார்த்த கதவைத் திறக்கக் கூடாது என்பது கட்டளை. ஒருவன் திறக்கிறான். இழந்த சொந்தங்கள் எல்லாம் அந்த நொடியே நினைவுக்கு வருகின்றன. அப்புறம் தலையை லண்டன் வெள்ளைக் குன்றில், ஃபிரான்ஸைப் பார்த்தபடி புதைக்கிறார்கள். இதில் பிரான் தெய்வமா இல்லையா என்பதைவிட, அந்தக் கதவை யோசித்த கதைசொல்லிதான் எனக்குப் பெரியவர்.

கேள்வி: ஆர்தரின் வாளை ஏரியில் எறிவது பழைய கெல்டிக் சடங்கு என்கிறார்களே?

பார்க்க அப்படித்தான் இருக்கிறது, நிரூபிக்க முடியாது. இரும்புக்காலத்து மக்கள் ஏரியிலும் சதுப்பிலும் ஆயுதங்களைக் காணிக்கையாகப் போட்டார்கள் என்பது உண்மை. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிள்ஸி தீவில் விமானத் தளம் கட்டும்போது லின் கெரிக் பாஹ் என்ற ஏரியிலிருந்து வாள்கள், ஈட்டிகள், தேர் உறுப்புகள், அடிமைச் சங்கிலிகள் வெளிவந்தன. அந்தச் சங்கிலி ஒன்றை, சேற்றில் சிக்கிய லாரியை இழுக்கவே பயன்படுத்தியிருக்கிறார்கள், அவ்வளவு உறுதி!

ஆனால் ஆங்கில எழுத்தாளர் மாலரி தன் ஆர்தர் கதையை முடித்தது 1469, 70 வாக்கில். வாளை எறியும் காட்சி அவருக்கு முன்பே, பதின்மூன்றாம் நூற்றாண்டு ஃபிரெஞ்சு உரைநடைக் கதையில் இருக்கிறது. நடுவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள். அந்த இடைவெளியை ஆர்வத்தால் நிரப்பக் கூடாது.

கேள்வி: "சர் கவேனும் பச்சை வீரனும்" கவிதையில் வரும் பச்சை வீரன் ஒரு தாவரத் தெய்வம்தானே? தேவாலயங்களில் இலை முகம்கூட இருக்கிறதே.

இலை முகங்களைப் பழைய தாவரத் தெய்வம் என்று சொல்லி "பச்சை மனிதன்" என்று பெயர் வைத்தது லேடி ராக்லன், 1939இல். இடைக்காலத்தவர்கள் சொன்னதல்ல. கவேன் கவிதைக்குக் கண்ணுக்குத் தெரியும் முன்னோடி அயர்லாந்தில் இருக்கிறது: பிரிக்ரியு விருந்துக் கதையில் ஒரு முரட்டு ஆள் வந்து "இன்று என் தலையை வெட்டு, நாளை உன் தலையை நான் வெட்டுவேன்" என்கிறான், கூ குலின் என்ற வீரன் மட்டும் வாக்கைக் காப்பாற்றுகிறான். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் அதைக் கிறிஸ்தவ வீரனின் மனசாட்சிக்கான சோதனையாக மாற்றுகிறார். ஆர்தர் கதைகளின் மந்திரக்காரி மோர்கனைத் தெய்வம் என்று ஒரே ஒரு இடத்தில் அழைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். பழைய பயம் முழுவதும் பச்சைக் கோவிலில்தான் இருக்கிறது: புல் மூடிய, உள்ளே குடைவான ஒரு மேடு. நடுராத்திரியில் சாத்தான் ஜெபம் சொல்ல ஏற்ற இடம் என்று கவேனே நினைக்கிறான்.

கேள்வி: கிரேக்கத் தொன்மம் ஆங்கிலத்தில் உருமாறியதற்கு ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றால்?

தயங்காமல் "சர் ஓர்ஃபியோ". 1330களின் ஆக்கின்லெக் கையெழுத்துப் பிரதியில் இருக்கிறது, அறுநூறு வரிதான்.

கிரேக்கக் கதையில் ஓர்ஃபியஸ், இறந்த மனைவியைப் பாதாளத்திலிருந்து மீட்டும், திரும்பிப் பார்க்காதே என்ற நிபந்தனையை மீறி அவளை இழந்த யாழ்க் கலைஞன். இங்கே அவன் இங்கிலாந்து அரசன், ஊர் வின்செஸ்டர். அப்பா வழி புளூட்டோ, அம்மா வழி "ஜூனோ அரசன்"! ரோமானியப் பெண் தெய்வம் அரசனாகிவிட்டது. மனைவி ஹெரோடிஸ் பாம்பு கடித்துச் சாவதில்லை. மே மாத நடுப்பகலில் ஒட்டுமரம் ஒன்றின் அடியில் தூங்குகிறாள். தேவதை அரசன் வந்து நாளை உன்னைக் கூட்டிப்போவேன் என்கிறான். மறுநாள் ஆயிரம் வீரர்கள் காவல் நின்றும் நடுவிலிருந்தே மறைந்துபோகிறாள். அயர்லாந்துக் கதையில் எட்டெயின் காவலுக்கு நடுவில் தூக்கிச் செல்லப்படுவதும் இப்படித்தான். கிரேக்கப் பாதாளத்தின் இடத்தில் கெல்டிக் மறுவுலகம் வந்து உட்கார்ந்துவிட்டது.

துக்கத்தில் அரசைத் துறந்து பத்து வருஷம் காட்டில் இருந்தபிறகு ஓர்ஃபியோ அவளைப் பார்க்கிறான். இருவரும் பேசவில்லை, அவள் கண்ணில் நீர், மற்ற பெண்கள் அவளை அழைத்துப் போய்விடுகிறார்கள். பின்தொடர்ந்து ஒரு பாறைக்குள் மூன்று மைல் நடந்தால், பளிங்குபோல் மின்னும் கோட்டை. உள்ளே தலையில்லாதவர்கள், நீரில் மூழ்கியவர்கள், தீயில் கருகியவர்கள், பிரசவத்தில் போனவர்கள், பறிக்கப்பட்ட அதே நிலையில். இறந்ததாக நாம் நினைக்கிறோம், அவர்கள் இறக்கவில்லை என்கிறது கவிதை. இதைவிடப் பயங்கரமான ஹேடிஸை (கிரேக்கப் பாதாளத்தை) நான் படித்ததில்லை.

ஓர்ஃபியோவின் யாழைக் கேட்டு மகிழ்ந்த தேவதை அரசன், வேண்டியதைக் கேள் என்கிறான். அவளைக் கேட்டதும், நீ கறுத்து மெலிந்தவன், அவள் அழகி, பொருந்தாது என்கிறான். உன் வாயிலிருந்து பொய் வருவது அதைவிட அசிங்கம் என்கிறான் ஓர்ஃபியோ. திரும்பிப் பார்க்காதே என்ற நிபந்தனை இல்லை. இருவரும் ஊர் வந்து சேர்கிறார்கள். ஓவிடின் துக்க முடிவைத் தூக்கிப்போட்டுவிட்டு, வாக்குத் தவறாமையில் கதையைக் கட்டியிருக்கிறார் பெயர் தெரியாத இந்தக் கவிஞர்.

கேள்வி: சாசர்?

"கான்டர்பரி கதைகள்" எழுதிய பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர், இந்தக் கலவையெல்லாம் நன்றாகத் தெரிந்தவர். அதில் வணிகன் சொல்லும் கதையில் புளூட்டோவும் பிராசர்பினாவும் தேவதை அரசன், அரசியாகத் தோட்டத்தில் நின்று பெண்களைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். அரசன் மைடாஸின் கழுதைக் காது ரகசியத்தை ஓவிடில் நாவிதன் வெளியே சொல்வான். பாத் ஊர்ப் பெண்மணி சொல்லும்போது அது மனைவியாகிவிடுகிறது. யார் கதையை எதற்காகத் திரிக்கிறார்கள் என்பதில்தான் சாசருக்கு ஆர்வம்.

கேள்வி: தோர், லோகி கதைகள் இங்கிலாந்தில் எழுதப்படவே இல்லையா?

அவை விரிவாக எழுதப்பட்டது ஐஸ்லாந்தில். இங்கே கல்லில் இருக்கின்றன. கம்பிரியாவின் காஸ்ஃபர்த் தேவாலய முற்றத்தில் பத்தாம் நூற்றாண்டுச் சிலுவை ஒன்று நிற்கிறது. ஒரு பக்கம் சிலுவையில் கிறிஸ்து. இன்னொரு பக்கம் கட்டுண்ட லோகி, விஷம் அவன்மேல் விழாமல் கிண்ணம் ஏந்தும் அவன் மனைவி சிகின்.

கேள்வி: எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

"சர் ஓர்ஃபியோ", பிறகு பிரான் கதை, அதன்பின் "பியோவுல்ஃப்". மூன்றுக்குமே நல்ல நவீன ஆங்கில மொழிபெயர்ப்புகள் உண்டு. முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். எந்தத் தெய்வம் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற பட்டியலோடு உள்ளே போனால் கதை கையில் நிற்காது.