நியமன உறுப்பினர்தானே?

கேள்வி: ஜூலை 30 அன்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள் விழா நடத்தினோம். பேசியவர்கள் எல்லாரும் 'சட்டமன்றச் சிங்கம்' என்று புகழ்ந்து தள்ளினார்கள். எனக்கு ஒரு சந்தேகம். அவர் தேர்தலில் நின்று ஜெயித்தவர் இல்லை, கவர்னர் நியமித்தவர்தானே? இருந்ததும் மூன்று வருடம், கொஞ்சம் கூடுதலாக. டாக்டராக, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைக் கொண்டுவந்தவராக அவரைக் கும்பிடலாம். சட்டமன்ற உறுப்பினராகக் கொண்டாடுவது கொஞ்சம் ஓவர் இல்லையா? தேவதாசி முறை தொடர வேண்டும் என்று வாதாடிய காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்திக்கு அவர் கொடுத்ததாகச் சொல்லும் பதிலடி உண்மையா? அடுத்த வருட விழாவுக்குத் தாங்கள் தலைமை தாங்க வர முடியுமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: ஓட்டு வாங்கித்தான் வந்திருக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, 1926இல் யாருக்கு ஓட்டு இருந்தது?

நிலவரி கட்டுகிறவர், வீட்டு வரி கட்டுகிறவர், வருமான வரி கட்டுகிறவர், இப்படிப்பட்டவர்களுக்குத்தான். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921இல் ஓட்டுரிமை கிடைத்தது. ஆனால் அதே சொத்துக் கணக்குதான் அவர்களுக்கும். பட்டா யார் பெயரில் இருந்திருக்கும் என்பதை உங்கள் பாட்டி வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்பதே 1926இல்தான் வந்தது. அந்த முதல் வாய்ப்பிலேயே கமலாதேவி சட்டோபாத்யாய மங்களூர்ப் பக்கம் நின்றார். கொஞ்ச ஓட்டில் தோற்றார். அப்போது மங்களூரும் சென்னை மாகாணம்தான். இந்த நிலைமையில், ஒரு பெண்ணாவது சபைக்குள் போகட்டும் என்று இந்திய மாதர் சங்கத்தார் முயற்சி எடுத்து, முத்துலட்சுமி நியமனம் ஆனார். ஒடுக்கப்பட்டோர் தலைவர் இரட்டைமலை சீனிவாசனும் நியமனத்தில் உள்ளே போனவர்தான். ஓட்டுச் சாவடியே யாருக்குக் கதவைச் சாத்தி வைத்திருந்ததோ, அவர்களைப் பார்த்து 'ஓட்டு வாங்கினாயா?' என்று கேட்பது என்ன நியாயம்?

நியமன உறுப்பினர் என்றதும் தலையாட்டி என்று நமக்குத் தோன்றுகிறதே, அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுக்கப் பல நியமன உறுப்பினர்கள் பாடுபட்டிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. இவர் அந்த வரிசையில் வரமாட்டார்.

1927 தொடக்கத்தில் கோட்டையில் சபை கூடியதும் அவரை ஏகமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த ஓட்டையாவது கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். (உங்கள் விழாவில் யாராவது 'இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்' என்று சொல்லியிருந்தால், 'பிரிட்டிஷ் இந்தியாவின்' என்று திருத்திவிடுங்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் மேரி புன்னன் லூக்கோஸ் அதற்கு முன்பே சபைக்குப் போய்விட்டார். அவரும் டாக்டர், அவரும் நியமனம்.)

இப்போது அந்தப் பதிலடிக்கு வருகிறேன். 'இவ்வளவு காலம் எங்கள் பெண்கள் செய்தார்கள், இனி உங்கள் வீட்டுப் பெண்கள் செய்யட்டும்' என்ற வசனம்தானே? ஒரு மேடையில் அதை முத்துலட்சுமியே சொன்னதாகச் சொல்கிறார்கள். இன்னொரு மேடையில், தேவதாசி ஒழிப்புக்குப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் சொன்னதாகிறது. வசனமும் மேடைக்கு மேடை நீள்கிறது, குறைகிறது. ஆளும் வார்த்தையும் இப்படி மாறுகிற ஒன்றை நான் அச்சில் ஏற்றிச் சான்றிதழ் கொடுக்கமாட்டேன். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்த வசனத்துக்கு விசில் அடிக்கிறவர்களிடம், அவர் அந்தச் சபையில் நிறைவேற்றிய சட்டம் எது என்று கேட்டுப்பாருங்கள். முழிப்பார்கள்.

அந்தச் சட்டத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும், விஷயம் நிலத்தைப் பற்றியது.

பெண் குழந்தையைக் கோயிலுக்கு நேர்ந்து தேவதாசியாக்குகிற பொட்டுக்கட்டும் வழக்கத்தை மேடைகளில் வெறும் ஒழுக்கப் பிரச்சினையாகவே பேசுகிறோம். அதன் வேர் மானியத்தில் இருந்தது. கோயிலில் பாடவும் ஆடவும் கும்ப ஆரத்தி எடுக்கவும் ஒரு குடும்பத்துக்கு இத்தனை குழி நிலம் என்று விட்டிருப்பார்கள். ஊழியம் நடக்கும்வரை நிலம் அவர்களுடையது. பாட்டிக்கு வயதாகிவிட்டால் மகள், மகளுக்குப் பிறகு பேத்தி. வரிசை அறுந்தால் நிலம் போய்விடும். பெண் குழந்தை இல்லாவிட்டால் ஒன்றைத் தத்து எடுத்தாவது பொட்டுக்கட்டியாக வேண்டும். அந்த வீட்டுத் தாய்க்கு மகளைப் பள்ளிக்கூடம் அனுப்ப ஆசை இருந்திருக்கும். ஆனால் அனுப்பினால் அடுப்பு எரியாது.

1927 நவம்பரில் முத்துலட்சுமி முதலில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பெண் குழந்தைகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று. சபை ஏற்றது. ஆனால் தீர்மானம் என்பது அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்வதோடு சரி, யாரையும் கட்டுப்படுத்தாது. தண்டனைச் சட்டத்தில் 372, 373 என்று இரண்டு பிரிவுகள் ஏற்கெனவே இருந்தன, சிறுமிகளை விபசாரத்துக்காக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்குகிறவை. காகிதத்தில் பலமான பிரிவுகள். 'சாமிக்குத்தான் கட்டினோம்' என்று ஒரு குடும்பம் சொல்லிவிட்டால், நோக்கம் வேறு என்று கோர்ட்டில் நிரூபிப்பது பெரும்பாடு.

அதோடு விடாமல் அவர் போன பாதைதான் எனக்குப் பிடித்தது. தண்டனையை ஒருபக்கம் வைத்துவிட்டுப் பட்டாவைக் கையில் எடுத்தார். இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்தம். 44-ஏ என்று ஒரு பிரிவு. 1929இல் சட்டமானது. சாரம் இதுதான்: ஊழியத்துக்கும் நிலத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிடுவது. நிலம் அந்தப் பெண் பெயரிலேயே இருக்கும், ஊழியத்துக்குப் பதில் ஒரு வரி கட்டினால் போதும். இனி நிலத்துக்காக மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டியதில்லை. 'கட்டாதே' என்று மிரட்டுவதற்கு முன்னால், கட்டாமல் இருந்தாலும் நீ பிச்சை எடுக்கவேண்டி வராது என்று ஏற்பாடு செய்தார். வாயால் சீர்திருத்தம் பேசுகிறவருக்கும் சட்டம் எழுதத் தெரிந்தவருக்கும் உள்ள தூரம் இதுதான். சபையில் இருந்த வக்கீல்கள் பட்டாளத்துக்கு நடுவில் ஒரு பிரசவ டாக்டர் இதைச் செய்தார்.

அவருக்கு இது புத்தக விஷயமும் இல்லை. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் மரபு. எந்த வீட்டுப் பெண்களைப் பற்றிச் சபையில் பேச்சு நடந்ததோ, அது அவர் அம்மா வழி உறவுகளைப் பற்றிய பேச்சு. மகாராஜா கல்லூரியில் அவருக்கு இடம் கொடுக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் எதிர்ப்புக் கிளம்பியதும், பெண் என்பதோடு அந்தக் காரணமும் சேர்ந்துதான்.

புகழ்மாலை மட்டும் போட்டுவிட்டு ஓடமாட்டேன். தேவதாசிப் பெண்களில் பலரே அவரை எதிர்த்தார்கள். சங்கம் வைத்து, மனு எழுதி, 'எங்களைக் கேட்காமல் எங்களுக்குச் சட்டமா?' என்று கேட்டார்கள். அவர்களில் பெங்களூர் நாகரத்தினம்மாள் முக்கியமானவர். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பிய அதே அம்மையார். தங்கள் கலை, தங்கள் சொத்துரிமை, சடங்குகளில் தங்களுக்கு இருந்த மரியாதை எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் 'விபசாரம்' என்று மூட்டை கட்டுகிறார்களே என்பது அவர்கள் வருத்தம். அதில் நியாயம் இருந்தது. முத்துலட்சுமியின் பேச்சில் சில இடங்களில் ஒரு டாக்டர் நோயைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே தவிர, எதிரே நிற்கிற கலைஞரைப் பார்க்கிற பார்வை இல்லை. பிறகு நடந்தது நமக்குத் தெரியும்: அந்தப் பெண்கள் மேடையிலிருந்து இறங்கினார்கள், அவர்கள் ஆட்டம் பரதநாட்டியம் என்ற பெயரில் வேறு வீட்டுப் பெண்களோடு மேடையேறியது. இதற்கு அவர் ஒருவரே காரணம் என்பது அபத்தம். ஆனால் விழா எடுக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் துண்டு போட்டு மூடக்கூடாது. எதிர்த்த பெண்களின் மனுக்களும் சேர்ந்ததுதான் அவர் பொதுவாழ்வு.

1930இல் நேரடியாகப் பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை அறிமுகம் செய்தார். அதே வருடம் உப்பு சத்தியாக்கிரகம். காந்தியைக் கைது செய்தார்கள். முத்துலட்சுமி ராஜினாமா செய்தார். நீங்கள் சொல்லும் 'மூன்று வருடம், கொஞ்சம் கூடுதலாக' அப்படி முடிந்தது. யாரும் வெளியே அனுப்பவில்லை. தன் மசோதா பாதியில் நிற்கிறது என்று தெரிந்தும் நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த மசோதா சட்டமாக 1947 ஆக வேண்டியிருந்தது, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணப் பிரதமராக (இன்றைய முதல்வர் பதவி) இருந்த காலம். 17 வருடம்! ராஜினாமா செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், இன்னும் தடுமாறுவேன்.

பதவி போன பிறகும் வேலை போகவில்லை. எந்த விடுதியிலும் இடம் கிடைக்காத மூன்று தேவதாசிச் சிறுமிகள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சேர்த்துக்கொண்டார். ஔவை இல்லம் அப்படி ஆரம்பித்தது. சட்டம் போட்டவர் வீட்டிலேயே அந்தச் சட்டத்தின் அடுத்த அத்தியாயம் வந்து பாய் விரித்துப் படுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் மருத்துவமனைக் கதை உங்களுக்கே தெரியும்: 1952இல் நேரு அடிக்கல், 1954இல் திறப்பு. அதை விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. சபையை விட்டு வந்த அந்த 1930லேயே, உறுப்பினராக இருந்தபோது என்ன கொண்டுவந்தேன், எது நிறைவேறியது என்று தன் சட்டமன்ற அனுபவத்தைத் தனிப் புத்தகமாக எழுதி வெளியிட்டார். அவரை ஓட்டுப் போட்டு அனுப்பிய தொகுதி என்று ஒன்று கிடையாது. யாரும் கணக்குக் கேட்கவில்லை. இருந்தும் கணக்கு ஒப்படைத்தார். லட்சக்கணக்கான ஓட்டு வாங்கி ஜெயித்து, ஐந்து வருடம் முடிந்ததும் இப்படி ஒரு புத்தகம் கொடுத்த எம்.எல்.ஏ. உங்கள் தொகுதியில் யாராவது இருந்தால் எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.

நாம் அவருக்குச் செய்கிற மரியாதை எப்படி இருக்கிறது? போன மாதம் உறவுக்காரப் பெண்ணோடு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். பெஞ்சில் ஏழெட்டு கர்ப்பிணிகள், கையில் இளஞ்சிவப்பு அட்டை, காலடியில் வாட்டர் பாட்டில். நர்ஸ் ஒவ்வொருவரிடமும் 'பிக்மி நம்பர் சொல்லும்மா' என்று கர்ப்பப் பதிவு எண்ணைப் பதிந்துகொண்டே, 'எம்.ஆர்.எம்.பி.எஸ். ஏறிடுச்சா?' என்று கேட்டார். ஒரு பெண், 'அந்தப் பதினெட்டாயிரமா? முதல் தவணை வந்துச்சு சிஸ்டர்' என்றாள். எம்.ஆர். என்றால் யார் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். மெடிக்கல் ரெப்பா என்று திருப்பிக் கேட்டாள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் நான்கைந்து எழுத்தாகச் சுருங்கிவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, பணம் வந்ததே. பிரசவ டாக்டருக்கு இதைவிட நல்ல சிலை யாரும் வைக்க முடியாது. ஆனால் அது டாக்டருக்கு. சட்டமன்ற உறுப்பினருக்கு நாம் வைத்திருப்பது, யார் சொன்னது என்றே தெரியாத ஒரு வசனம் மட்டும்தான்.

தலைமை தாங்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வருகிறேன், ஆனால் சால்வை வேண்டாம், சிங்கமும் வேண்டாம். உங்கள் சங்கத்தில் ஒரு வக்கீலாவது இருப்பார். அவரைப் பிடித்து 44-ஏ பிரிவைப் பத்து நிமிடம் விளக்கச் சொல்லுங்கள். அவருக்குப் பிறகு நாகரத்தினம்மாள் தரப்பை எடுத்துப் பேச ஒருவர். முன்வரிசை எழுந்து போய்விடும் என்று பயப்படாதீர்கள். மைக் செட்காரர் கடைசிவரை இருப்பார், நானும் இருப்பேன்.