பாசலில் 84,000 பிராங்க், லோராக்கில் 60,000 யூரோ: எது கையில் அதிகம் நிற்கும்?

நீங்கள் கேட்டது இது: வயது 31, திருமணமாகவில்லை, ஜெர்மன் பாஸ்போர்ட், வீடு ஜெர்மனியின் எல்லை ஊரான லோராக்கில். ஊரிலேயே ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 60,000 யூரோ தருகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் சுவிட்சர்லாந்தின் பாசலில் இன்னொரு நிறுவனம் 84,000 பிராங்க் தருகிறது. பிடித்தம் எல்லாம் போக எதில் அதிகம் மிஞ்சும்?

பாசலில்தான் அதிகம் மிஞ்சும். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பாசல் சம்பளச் சீட்டின் கடைசி வரியில் இருக்கும் தொகை முழுக்க உங்களுடையதும் இல்லை. அதில் ஒரு பெரிய பங்கு ஜெர்மன் வரி அலுவலகத்துக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் போக வேண்டியது. உங்கள் கணக்கில் கொஞ்ச நாள் தங்கிவிட்டுப் போகும், அவ்வளவுதான். இதை முதல் மாதமே மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நான் வைல் அம் ரைனில் குடியிருந்து 8ஆம் எண் டிராமில் பாசலுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். அதற்கு முன்பு ஃப்ரைபுர்கில் ஜெர்மன் சம்பளம். இரண்டு விதச் சீட்டும் பழக்கம் என்பதால் எண்களோடு சொல்கிறேன். கீழே உள்ளவை 2025ஆம் ஆண்டு விகிதங்கள்.

முதலில் லோராக் வேலை. மாதம் 5,000 யூரோ. ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதம், அதாவது 465 யூரோ. வேலையின்மைக் காப்பீடு 1.3 சதவீதம், 65 யூரோ. அரசு மருத்துவக் காப்பீட்டில் உங்கள் பங்கு 7.3 சதவீதமும், காப்பீட்டு நிறுவனம் தனியாக வசூலிக்கும் கூடுதல் கட்டணத்தில் பாதியும் சேர்த்துச் சுமார் 430 யூரோ. முதுமைப் பராமரிப்புக் காப்பீடு, குழந்தை இல்லாதவர் என்பதால் 2.4 சதவீதம், 120 யூரோ. வரி வகுப்பு 1இல் (திருமணமாகாதவர்களுக்கானது) வருமான வரி சுமார் 800. எல்லாம் போகக் கைக்கு 3,120 யூரோ வாக்கில் வரும். சர்ச் உறுப்பினராகப் பதிந்திருந்தால் லோராக் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் வருமான வரியின் மேல் 8 சதவீதம் சர்ச் வரி உண்டு. அது மாதம் 60 யூரோவுக்கு மேல் போகும். கத்தோலிக்கராக ஊர்ப் பதிவு செய்த நம்மவர்கள் இதைக் கவனிக்கவும். பாசலில் வேலை பார்த்தாலும் இந்த வரி உங்களை விடாது.

இந்த 3,120 யூரோ முழுக்க உங்களுடையது. வரியை முதலாளியே பிடித்துக் கட்டிவிடுகிறார். ஆண்டு முடிவில் கணக்குத் தாக்கல் செய்தால் பெரும்பாலும் கொஞ்சம் திரும்பக்கூட வரும்.

இப்போது பாசல். 84,000 பிராங்கை 12ஆல் வகுத்தால் 7,000. (12 சம்பளமா 13 சம்பளமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே பல இடங்களில் 13ஆவது சம்பளம் உண்டு. ஆண்டுத் தொகை ஒன்றுதான், மாதத் தொகை குறைந்து தெரியும்.)

சீட்டில் முதல் வரி ஏ.எச்.வி. முதியோர், ஊனமுற்றோர் ஓய்வூதியம் வகையறாவுக்கு 5.3 சதவீதம், 371 பிராங்க். அடுத்தது ஏ.எல்.வி, வேலையின்மைக் காப்பீடு, 1.1 சதவீதம், 77 பிராங்க். அப்புறம் நிறுவன ஓய்வூதிய நிதியான பி.வி.ஜி. இதற்கு முழுச் சம்பளத்தையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். 84,000இல் 26,460 கழித்தது போக மிச்சம் 57,540. உங்கள் வயதுக்கு அதில் 7 சதவீதம். குறைந்தது பாதியை முதலாளி கட்ட வேண்டும். உங்கள் பங்கு மாதம் 168 பிராங்க். 35 வயதில் இந்த 7 சதவீதம் 10 ஆகும், 45இல் 15, 55இல் 18. இது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம்தான். நல்ல நிறுவனங்கள் இதற்கு மேல் பிடிக்கும், தாமும் மேலே போடும். எனக்குப் பிடித்த பிடித்தம் இதுதான், ஏனென்றால் இது உங்கள் பெயரிலேயே சேர்கிறது. வேலை மாறினால் கூடவே வரும்.

வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் நோய்க்காலச் சம்பளத்துக்குமான காப்பீடுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இரண்டுக்கும் சேர்த்து 100 பிராங்க் என்று வைத்துக்கொள்வோம். நோய்க்காலக் காப்பீடு இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஜெர்மனியில் உடம்பு முடியாமல் போனால் 6 வாரம் முழுச் சம்பளம். பாசலில் அந்தக் காப்பீடு இல்லையென்றால் முதல் ஆண்டில் 3 வாரம்தான்.

கடைசியாக 4.5 சதவீத மூல வரி, அதாவது சுவிஸ் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளும் வரி, 315 பிராங்க். இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி, தினமும் எல்லை தாண்டி வீடு திரும்பும் கிரென்ஸ்கெங்கரிடம் சுவிஸ் பிடிக்கக்கூடிய உச்சம் இதுதான். ஆனால் தானாகக் கிடைக்காது. லோராக் வரி அலுவலகத்தில் (ஃபினான்ஸாம்ட்) கிரே-1 என்ற குடியிருப்புச் சான்றிதழ் வாங்கி, முதல் சம்பளத்துக்கு முன்பே நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் முழு மூல வரியும் பிடிப்பார்கள். வேலை காரணமாக ஆண்டில் 60 நாளுக்கு மேல் இரவு வீடு திரும்ப முடியாமல் போனாலும் இந்தச் சலுகை போய்விடும். அடிக்கடி வெளியூர்ப் பயணம் உள்ள வேலை என்றால் இதை எண்ணிக்கொண்டே வர வேண்டும்.

ஆக 7,000இல் சுமார் 1,030 போய், கணக்கில் விழுவது 5,970 பிராங்க். ஒரு பிராங்க் 1.06 யூரோ என்று வைத்தால் 6,330 யூரோ. இதைப் பார்த்துத்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். லோராக் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு!

இதில் இரண்டு பெரிய செலவு இன்னும் கழியவில்லை.

ஒன்று மருத்துவக் காப்பீடு. பாசல் முதலாளி இதில் ஒரு காசு தர மாட்டார். வேலை தொடங்கிய 3 மாதத்துக்குள் சுவிஸ் காப்பீடா, ஜெர்மன் காப்பீடா என்று நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு பொதுவாக மாற்ற முடியாது. ஜெர்மன் அரசுக் காப்பீட்டில் தொடர்ந்தால் இரண்டு பங்கும் உங்கள் தலையில்தான். கட்டணம் கணக்கிடும் சம்பளத்துக்கு உள்ள மாதம் 5,512.50 யூரோ என்ற உச்சவரம்பில் பராமரிப்புக் காப்பீட்டையும் சேர்த்தால் 1,140 யூரோ வாக்கில் வரும். சுவிஸ் காப்பீட்டில் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம். கணக்குக்கு 350 பிராங்க் என்று கொள்வோம். தனியாளுக்கு அது தெளிவாக மலிவு. ஆனால் ஜெர்மன் பராமரிப்புக் காப்பீடு அதில் கிடையாது. குடும்பம் என்று வந்துவிட்டால் அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். ஜெர்மன் அரசுக் காப்பீட்டிலோ வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணம் இல்லாமல் சேர்ந்துகொள்வார்கள். இரண்டு மூன்று ஆண்டில் கல்யாணம், குழந்தை என்று யோசனை இருந்தால், இன்றைய 350ஐ மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் சம்பளப் பேரத்தைவிட இந்த முடிவுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது ஜெர்மன் வருமான வரி. நீங்கள் குடியிருக்கும் நாடு முழு வரி போடும். சுவிஸ் பிடித்த 4.5 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்கும். உங்கள் சம்பளத்துக்கு அந்த மிச்சம் ஜெர்மன் காப்பீடு என்றால் ஆண்டுக்குச் சுமார் 13,700 யூரோ, சுவிஸ் காப்பீடு என்றால் 17,700. காப்பீட்டுக் கட்டணம் வரிக் கழிவாக வருவதால்தான் இந்த வித்தியாசம். இதை மாதாமாதம் யாரும் பிடிக்க மாட்டார்கள். மார்ச் 10, ஜூன் 10, செப்டம்பர் 10, டிசம்பர் 10 என்று காலாண்டுக்கு ஒரு முறை முன்வரியாக நீங்களே கட்ட வேண்டும். ஒவ்வொரு தவணையும் 3,400 முதல் 4,400 யூரோ வரை வரும்.

புதிதாகச் சேர்கிறவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். முதல் ஆண்டில் முன்வரி நிர்ணயிக்கும் கடிதம் தாமதமாக வரலாம். அதுவரை கணக்கில் பணம் நிறைந்தே இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அந்தப் பணத்தில் புதுச் சமையலறை போட்டார், கார் மாற்றினார். பிறகு முழு ஆண்டு வரியும் அடுத்த ஆண்டுக்கான முதல் தவணையும் ஒன்றாக வந்தபோது கடன் வாங்கித்தான் கட்டினார். கடிதம் வராவிட்டாலும் மாதம் 1,500 யூரோவைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சம்பளம் விழுந்த மறுநாளே தானாகப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு போட்டுவிட்டால் நல்லது.

கல்யாணமானவர்களுக்கான வரி வகுப்பு 3க்கு மாறலாமா என்று பலர் கேட்கிறார்கள். பாசல் சம்பளத்துக்கு வரி வகுப்பே பொருட்டில்லை, ஜெர்மன் முதலாளி யாரும் இல்லையே. கல்யாணமானால் கிடைக்கும் சலுகை ஆண்டுக் கணக்கில் வந்துவிடும். அந்தக் கணக்கைக் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும். எல்லை தாண்டி வேலை செய்பவர்களுக்கு என்-கிரே என்று தனிப் படிவம் இருக்கிறது.

எல்லாம் கழித்தால் மாதம் கையில் நிற்பது: ஜெர்மன் காப்பீட்டோடு 4,050 யூரோ வாக்கில், சுவிஸ் காப்பீட்டோடு 4,480 வாக்கில். லோராக்கில் 3,120. ஆக வித்தியாசம் 900 முதல் 1,350 யூரோ. நல்ல பணம்தான். ஆனால் பாசலில் வாரம் 42 மணி நேர ஒப்பந்தம் சாதாரணம், விடுமுறை சட்டப்படி 4 வாரம். லோராக் நிறுவனம் 38 மணி நேரமும் 30 நாள் விடுப்பும் தருகிறது என்றால், மணிக் கணக்கில் இடைவெளி இன்னும் சுருங்கும். பிராங்கின் மதிப்பும் இதே இடத்தில் நிற்காது. 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி யூரோவுக்கு 1.20 பிராங்க் என்ற வரம்பைக் கைவிட்டபோது, இந்தப் பக்கம் குடியிருந்தவர்களின் சம்பளம் யூரோவில் ஒரே நாளில் ஏறியது. அதே வழியில் இறங்கவும் செய்யும். எனவே வீட்டுக் கடன் தவணையை இன்றைய மாற்று விகிதத்தில் இறுக்கமாகக் கணக்குப் போடாதீர்கள்.

பாசல் நிறுவனத்திடம் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை: பி.வி.ஜி.யில் உங்கள் பங்கு எத்தனை பிராங்க், விபத்துக் காப்பீட்டு விகிதம் என்ன, நோய்க்காலக் காப்பீடு எத்தனை நாளுக்கு, வீட்டிலிருந்து வேலை எவ்வளவு. கடைசிக் கேள்வி முக்கியம். வேலை நேரத்தில் 50 சதவீதத்துக்குக் குறைவாக வீட்டிலிருந்து பார்த்தால், 2023 ஜூலை முதல் உள்ள ஏற்பாட்டின்படி சுவிஸ் சமூகக் காப்பீட்டிலேயே நீடிக்கலாம். அதைத் தாண்டினால் ஜெர்மன் விகிதங்களுக்குப் போய்விடுவீர்கள், மேலே போட்ட கணக்கு முழுக்க மாறிவிடும்.

இதை இந்தியப் பாஸ்போர்ட்டோடு படிக்கிறவர்களுக்கு: உங்களுக்கு விதி வேறு. எல்லை தாண்டி வேலை செய்வதற்கான சுவிஸ் அனுமதியான ஜி அனுமதி கிடைக்க ஜெர்மனியில் நிரந்தர வசிப்புரிமையும், எல்லைப் பகுதியில் குறைந்தது 6 மாதக் குடியிருப்பும் வேண்டும். சம்பளக் கணக்குக்கு முன்னால் அதைப் பாருங்கள்.